சிபியூவை மடியில் வைத்துப் பஸ்ஸில் போனவன்

அரசாங்கத்தோடு சண்டை போட்டு ஜெயித்து, ஜெயித்த காரணத்தாலேயே வேலையை இழந்தவன் திண்டுக்கல் ஜில்லாவில் ஒருத்தன்தான். 'ஃபார்மேட்டு' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் நாகல் நகரில் முதல் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை போட்டது நான்தான். எம்.ஏ. படித்தவர்களெல்லாம் என் வாசலில் வரிசையில் நின்றார்கள். ஃபார்மேட்டு நிற்க மாட்டான். எரியோட்டுக்காரன், ஒரு பேரூராட்சி ஆபீஸில் தற்காலிக ஆபரேட்டர். நேரே உள்ளே வந்து, "அண்ணே, இதை எந்த ஃபார்மேட்டுல சேவ் பண்ணீங்க?" என்பான். ஒரு கம்பெனி சாப்ட்வேரில் செய்த ஃபைல் இன்னொன்றில் திறக்காது. எந்த மிஷினிலும் திறக்கிற பொது ஃபார்மேட்டில்தான் அரசாங்கம் எழுத வேண்டும் என்பது அவன் வேதம். கல்யாணப் பந்தியிலும் இதே பேச்சு. சாம்பார் வாளிக்காரர் இவன் இலையைத் தாண்டி ஓடுவார்.

வெறிக்குக் காரணம் உண்டு. அவன் ஆபீஸ் ஃபைல் மேலாபீஸில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். "அப்ப மிஷினையே கொண்டு வாங்க" என்றுவிட்டார்கள். சிபியூவைப் பழைய வேட்டியில் கட்டி, பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டான். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

"ஏண்ணே, கைப்பிள்ளைக்கு டிக்கெட் போடுவீங்களா?"

"கைப்பிள்ளை கரண்ட்டுல ஓடாதுப்பா. எடு காசை."

மேலாபீஸில் ஃபைல் திறந்தது. அதிகாரிக்கு ஏக சந்தோஷம். "நல்ல ஏற்பாடா இருக்கே. மாசாமாசம் இப்படியே கொண்டாந்துருங்க!"

ஏழு வருஷம் சுமந்தான். பொது ஃபார்மேட்டுக்கு இலவச சாப்ட்வேரே இருக்கிறது என்று மனு மேல் மனு போட்டான். "ஓசியில வாரது எப்படிய்யா உருப்படியா இருக்கும்?" என்று அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். திறக்காத ஃபைலை மாற்றிக் கொடுத்துத்தான் என் கடை வளர்ந்தது.

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவே வந்துவிட்டது: எல்லா ஆபீஸும் பொது ஃபார்மேட்டுக்கு மாற வேண்டும். ஃபார்மேட்டு கடை கடையாக லட்டு கொடுத்தான். அதே மாதம், நிரந்தரமாக்க வேண்டிய ஆபரேட்டர்களின் பட்டியலை ஃபைலாகக் கேட்டார்கள். அவன் ஆபீஸில் அவன் ஒருவன்தான். உத்தரவுப்படி பொது ஃபார்மேட்டில் அனுப்பினான். மேலாபீஸில் புது சாப்ட்வேர் இன்னும் ஏற்றவில்லை. "திறக்கல. மிஷினைத் தூக்கிட்டு வா" என்று போன் வந்தது.

"மாட்டேன்" என்றுவிட்டான்.

பட்டியல் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் மதியம் என்னிடம் வந்தான். "உங்க மிஷின்ல திறக்குதா பாருங்கண்ணே." அவன் தொல்லை தாங்காமல் நான் ஏற்றிவைத்திருந்த இலவச சாப்ட்வேரில் பளிச்சென்று திறந்தது.

"ஏலே அப்பு, செத்த நேரம் உக்காரு. பழைய ஃபார்மேட்டுல மாத்தித் தாரேன். வேலை போயிரும்டா."

"உத்தரவு போட்டது அவங்க. கேட்டு நடந்தது நான் ஒருத்தன். என்னையவே மீறச் சொல்றீகளா?"

போய்விட்டான். ஃபைல் என் மிஷினில் கிடந்தது. நானே மாற்றி அனுப்பியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. நாகல் நகரே கேட்கிற என் பேச்சைத் தட்டினானே, வந்து கெஞ்சட்டும் என்று இருந்துவிட்டேன். சாயங்காலம், அந்த ஆபீஸில் ஆபரேட்டர் யாரும் இல்லை என்று மேலே எழுதிக்கொண்டார்கள். மறுவாரம் புது சாப்ட்வேர் ஏற்றினார்கள். மறுமாதம் அவன் திருப்பூர் போய்விட்டான்.

அதற்கப்புறம் நாலு மிஷின் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் திறந்து பார்க்கிறேன். ஒரே வரி. ஓர் எழுத்துக்கூடக் கலையாமல் அவன் பெயர் நிற்கிறது.