நான் இருப்பதற்குச் சான்று தேவை

கடவுள் துணை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

சம்பவம் நடந்தது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. அப்போது வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். ஒன்று, நான். இரண்டு, உன் அத்தான், கூடத்து நாற்காலியில், இடது முழங்காலில் வெந்நீர்ப் பையோடு. மூன்று, என் மகள், அதாவது உன் மருமகள், கண்ணாடிக் கடையில் அவளுக்கு வார விடுமுறை. நான்கு, வாஷிங் மெஷின் பழுது பார்க்க வந்தவர். நால்வருமே சாட்சி. நான் எதையும் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. உன் அத்தான் போனில் வேறு மாதிரி சொன்னால் நம்பாதே, அவர் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். என்னைத் தடை செய்துவிட்டார்கள்.

பதறாதே, போலீஸ் இல்லை. இணையக் கலைக்களஞ்சியத்தில்தான். நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியாது. போன மாதம்தான், யாரும் சொல்லித்தராமல், தூசி துடைக்கப் போன இடத்தில் ஒரு நாள் திறந்து, ஒரு நாள் அமுக்கி, எட்டாம் நாள் எழுத்து வந்துவிட்டது. முதலில் கடவுள் பெயரை அடித்தேன், அடுத்து உன் பெயரை. உனக்கென்று ஒரு பக்கம், படத்தோடு! தலையை மட்டும் சீவிக்கொண்டிருந்திருக்கலாம். நவீன ஓவியர், இத்தனை கண்காட்சி, இன்னின்ன விருது என்று படித்துக்கொண்டே வந்தவள், 'இளமை' என்ற தலைப்பில் அப்படியே நின்றுவிட்டேன். "ஆறு வயதில் பெற்றோரை இழந்த இவர், தனியாக வளர்ந்தார்" என்று போட்டிருக்கிறது. தனியாகவாம். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. தையல்கடை மாடியில் ஒற்றை அறையில் நீயும் நானும் இருந்த பதினாலு வருஷம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? உன் காய்ச்சலுக்கு நான் விழித்திருந்ததெல்லாம் எந்தத் தலைப்பில் வரும்? சரி, எழுதியவருக்குத் தெரியவில்லை, தெரிந்தவர் திருத்தினால் ஆயிற்று என்று நினைத்தேன். 'தொகு' என்று ஒரு இடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். அமுக்கினேன்.

இங்கேதான் நான் செய்ததைத் தப்பு என்கிறார்கள், நீயே சொல். முப்பத்தொன்பது வருஷமாக வீட்டுக் குறிப்பு நோட்டு எழுதுகிறவள் நான். எந்தப் பக்கத்தையும் 'கடவுள் துணை' போடாமல் ஆரம்பித்ததில்லை, எதையும் அழித்ததுமில்லை. தப்பாக எழுதினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே தேதி, கையெழுத்து. அதையே இங்கேயும் செய்தேன். உன் பக்கத்தின் உச்சியில் 'கடவுள் துணை' போட்டேன். 'தனியாக வளர்ந்தார்' மேல் கோடு இழுக்க எந்தப் பட்டன் என்று அரைமணி தேடிக் கோடு இழுத்தேன். பக்கத்தில், 'தவறு. அக்காவோடு வளர்ந்தார்' என்று எழுதி, 'இப்படிக்கு, அக்கா' என்று தேதியும் போட்டேன். எவ்வளவு சுத்தமான வேலை! உன் மருமகள் சாயங்காலம் வந்து பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, உலகத்துக்கே நீ அக்கா ஆயிட்டியேம்மா" என்றாள்.

மறுநாள் காலைப் பிரார்த்தனை முடித்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், எல்லாம் போய்விட்டது. கோட்டைக்கூட விடவில்லை. 'கூர்மை' என்ற பெயரில் ஒருவர் எடுத்திருக்கிறார். கடவுள் துணை என்பது நடுநிலை இல்லையாம், கட்டுரையில் கையெழுத்துப் போடக்கூடாதாம். நான் மரியாதையாகவே கேட்டேன். 'மதிப்பிற்குரிய கூர்மை அவர்களுக்கு, கடவுளைவிட நடுநிலையானவர் உங்களிடம் வேறு யார் இருக்கிறார்கள்?' போகட்டும் என்று கடவுளை விட்டுவிட்டேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கையெழுத்தையும் விட்டேன். 'இவருக்கு ஒரு மூத்த சகோதரி உண்டு' என்று ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்தேன். அதை எடுக்கவில்லை. ஆனால் கடைசியில் சின்ன எழுத்தில், மேலே தூக்கினாற்போல், 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டுப் போனார். இதை எப்படித் தாங்குவது? ரேஷன் அட்டையில் இருக்கிறேன், வாக்காளர் பட்டியலில் இருக்கிறேன், இந்த வீட்டில் மூன்று வேளையும் இருக்கிறேன். நான் இருப்பதற்குச் சான்று தேவையாம்! உன் அத்தானிடம் சொன்னால், "என்கிட்ட வேணும்னா கேளு, முப்பது வருஷத்துக்குச் சான்று தரேன்" என்று சிரிக்கிறார்.

கொடுத்தேன், தம்பி, சான்று கொடுத்தேன். நீயும் நானும் ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட படத்தை ஏற்றினேன். உன் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருக்குமே, அந்தப் படம். கூர்மை அவர்கள், அதில் இருக்கும் பெண் சகோதரிதான் என்பது படத்தில் தெரியவில்லை என்றார். அதோடு விடவில்லை, படத்தின் உரிமை எடுத்தவருடையது, அவர் இறந்து எழுபது ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்றார். அந்த ஸ்டூடியோக்காரர் போன வாரம் பால் வாங்க வந்தபோது நன்றாகத்தான் இருந்தார். அவர் நூறு வயது வாழட்டும், அந்த எழுபது வருஷத்துக்கு நான் எங்கே போவேன்?

அப்புறம்தான் அந்த விரிப்பு விவகாரம். உன் 'விரிப்பு எண் நான்கு', அருங்காட்சியகத்தில் தொங்குகிறதே, அதைப் பற்றிப் பெரிய பத்தி போட்டிருக்கிறார்கள். "வெண்துணியில் பதினோரு வெப்பத் தழும்புகள் மூலம் நகர வாழ்வின் வெறுமையைக் கலைஞர் உணர்த்துகிறார்." கலைஞர் அன்றைக்குப் பரீட்சை எழுதப் போயிருந்தார். தழும்பு வைத்தது நான். இஸ்திரிப் பெட்டி சூடு நிற்காமல் ஏறியது, முதல் இடம் கருகிவிட்டது. நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் பெட்டி சரியாகிவிட்டதா என்று சோதிக்க வேண்டாமா? நல்ல துணியில் சோதிக்க முடியுமா? ஏற்கெனவே கெட்டதில்தானே சோதிக்கலாம்? அப்படி ஒவ்வொரு திருகாணியாக முடுக்கி முடுக்கி மேலும் பத்து இடத்தில் வைத்துப் பார்த்தேன். பத்திலும் சரியாகவில்லை. என் நோட்டில் அந்தத் தேதியில் தெளிவாக இருக்கிறது: 'வெள்ளை விரிப்பு ஒன்று, பதினோரு இடத்தில் கருகியது, என் கவனக்குறைவு. கரித்துணி ஆக்கலாம் என்றேன். தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான்.' அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு, சகோதரி இல்லாமல் தழும்பு எப்படி வரும் என்று கேட்டேன். சொந்த ஆய்வு ஏற்கப்படாது என்று பதில் வந்தது. ஆய்வு இல்லை ஐயா, விரிப்பு என்று எழுதினேன். உன் அத்தான் வேறு, "அதே தழும்புக்கு அவனுக்கு விருது. என் வேட்டியில ஒண்ணு வச்சியே, அதை நான் எங்க கொண்டு போய்த் தொங்கவிடறது?" என்கிறார்.

செவ்வாய்க்கிழமைக்கு வந்துவிட்டேன். அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் எதையாவது வைப்பேன், ஓடிப்போய்ப் பக்கத்தைப் பார்ப்பேன், சான்று போதாது என்று அந்தச் சகோதரி வரியையும் எடுத்திருப்பார்கள், திரும்பப் போட்டுவிட்டு வந்து கிளறுவேன். இப்படி மூன்று தடவை. குழம்பு அடிப்பிடித்ததும் எனக்கு உறைக்கவில்லை. நாலாம் தடவை நான் வரியை அடிக்கும்போது மெஷின்காரர் கையில் கழற்றிய குழாயோடு பின்னால் வந்து நின்றார்.

"நாலாவதாம்மா?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நானும் எழுதுவேன்மா. பஸ் ரூட் பக்கமெல்லாம் நான்தான் பாக்கறேன். மூணு தடவைக்கு மேல மாத்தினா பூட்டிடுவாங்க. அதுவும் நீங்க சொந்தக்காரங்க. சொந்தக்காரங்க எழுதவே கூடாது."

"அப்ப யார்தான் எழுதறது?"

"தெரியாதவங்க."

"தெரியாதவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"அதனாலதாம்மா சான்று கேக்கறாங்க."

உன் மருமகள் ஓடி வந்து, "அம்மா, வேண்டாம்மா, கையை எடு" என்றாள். நான் கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டு, அமுக்கினேன். உடனே திரையில் நிறுத்து என்று கை காட்டுகிற ஒரு படம். இருபத்துநாலு மணி நேரத் தடை, அதுவரை, கேள்வி பதிலுக்கென்று எனக்குக் கொடுத்திருக்கும் பேச்சுப் பக்கத்தில் மட்டும் எழுதலாமாம். அப்போது மணி பதினொன்றேகால். அத்தான் கண்ணைத் திறந்து, "என்ன, சமையல் ஆச்சா?" என்றார்.

மெஷின்காரர் நல்ல மனிதர். குழாயை மாட்டிக்கொண்டே வழி சொன்னார். நீ ஏதாவது பத்திரிகையில், 'என்னை வளர்த்தது என் அக்கா' என்று ஒரு வரி சொன்னால் போதுமாம், அச்சில் வந்துவிட்டால் கூர்மை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாதாம். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். பெருமைக்காக இல்லை. விரிப்பை நீயே வைத்துக்கொள், பதினோரு தழும்பும் உன்னுடையதாகவே இருக்கட்டும். எனக்கு அந்த ஒரு வரி போதும். நாளைக்கு உன் மருமகளின் பிள்ளைகள் படிக்கும்போது பாட்டி எங்கே என்று தேடக்கூடாது பார்.

நீ இப்படிச் சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த வரியை முதலில் எழுதியவர் யாரோ, தானே தனியாக வளர்ந்தவராக இருக்க வேண்டும், பாவம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

நீண்ட ஆயுளும் குறையாத ஆரோக்கியமும் கை நடுங்காத வரமும் உனக்குக் கிடைக்கட்டும். அத்தான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், உன் மருமகளின் அன்பும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், உன் மருமகள் கூப்பிட்டாள். கூர்மை அவர்கள் என் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். நான் ஏமாற்றுக்காரியாம். 'தனியாக வளர்ந்தார்' என்ற வரி போன வருஷம் பெயர் போடாமல் சேர்க்கப்பட்டது, பெயர் போடாவிட்டால் இணைப்பின் எண் பதிவாகும், நீங்கள் பெயர் போடாமல் செய்த திருத்தங்களிலும் அதே எண்தான், நீங்களே எழுதி நீங்களே அழித்து விளையாடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். உன் மருமகள் எண்ணைச் சரிபார்த்தாள். நம் வீட்டு எண்தான். தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடத் தெரியாது. உன் அத்தானுக்கு இன்றைக்கும் தெரியாது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். நீ கண் சிகிச்சைக்காக வந்து எங்களோடு ஒன்பது நாள் இருந்த வாரம் அது. கொஞ்சம் எழுத்து வேலை இருக்கிறது என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். தொந்தரவாக இருக்கும் என்று நான் மிக்ஸியைக்கூடப் போடவில்லை.

அத்தான் என்னைப் பார்க்காமல் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூர்மை அவர்கள் ஒரு மணி நேரத்தில் விளக்கம் கேட்டிருந்தார். உன் பெயர் அங்கே வந்து நாலு பேர் பேசிவிடுவார்களே என்று, 'ஆமாம், இரண்டும் நான்தான் எழுதினேன், மன்னிக்கவும்' என்று பதில் போட்டுவிட்டேன். இப்போது தடை நிரந்தரம். பொய் சொன்னதற்குக் கடவுளிடம் நான் பேசிக்கொள்கிறேன். பத்திரிகை, அந்த ஒரு வரி என்று மேலே கேட்டதையெல்லாம் விட்டுவிடு, எனக்கு வேண்டாம். நீ எழுதியது அப்படியே இருக்கிறது, இனி யாரும் தொட மாட்டார்கள்.

ஏன் என்று மட்டும் எனக்குச் சொல். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தேன். சீக்கிரம் பதில் போடு.