பக்கத்து வீட்டுப் பாட்டுக்காரியை அழைக்க வேண்டாம்

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
வைகாசி 4

அன்புள்ள மச்சான் இரத்தினவேலுக்கு,

நானும் உமது அக்கா சிவமலரும் இங்கு சுகம். மழை ஓயாத பேர்கனில் நீங்களும் சுகமாக, முடிந்தால் நனையாமல், இருக்க வேண்டுகிறோம். தொலைபேசியில் சொன்னால் நீர் சிரிப்பீர், ஆகையால் எழுதுகிறேன்.

நிற்க. உமது மகள் ஆரபியின் கலியாண வரவேற்பில் பாட எங்கள் பக்கத்து வீட்டு ஜூலியாவை அழைக்கப் போகிறீராம். இருபத்தெட்டு வருடமாக ஒஸ்லோவில் சாமத்தியவீடோ கலியாணமோ, மைக்கைப் பிடித்தவன் நான். ஆரபியின் முதலாவது பிறந்தநாளுக்கும் நான்தான் பாடினேன். பிள்ளை அழுதது, ஆனால் அது பல்லு முளைத்த நேரம்.

இந்த ஜூலியா இங்கிலாந்துக்காரி. இருபது வயதில் கிற்றாரோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மதுக்கடை மூலைகளில் பாடி, வான் வண்டிக்குள் படுத்தெழும்பி, தானே எழுதித் தானே பாடி ஏழு இசைத்தட்டுப் போட்டு, கடைசியில் ஒரு நோர்வேக்காரனைக் கட்டி எங்கள் வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்தவள் சும்மா இருக்கலாம்தானே. போன மாதம் டுக்னாட் நாளில், எல்லா வீட்டாரும் கூடி வளவு கூட்டிவிட்டுக் கோப்பி குடிக்கிற நேரம், தன் ஊர்ப் பாண்கடைக்காரனைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினாள். சனம் தும்புத்தடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது. பிறகு நான் பாடினேன். சனம் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கூட்டப் போனது. உமது அக்கா மட்டும் நின்றாள், அதுவும் கோப்பை கழுவ.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கு எரிச்சல். அந்தப் பிள்ளை பாடேக்கை எனக்குக் கண்ணீர் வருது,” என்றாள்.

“நான் பாடேக்கை?”

“அப்பவும் வாறதுதான். அது வேறை.”

பொறாமைதான் மச்சான், மறைக்கவில்லை. நான் வாழ்நாள் முழுக்க மற்றவன் எழுதினதைத்தான் பாடினேன். அவளோ கண்ணில் பட்டவருக்கெல்லாம் பாட்டு எழுதுகிறாள். பாண்கடைக்காரனுக்கு ஒன்று, பஸ் சாரதிக்கு ஒன்று, செத்துப்போன நாய்க்கு இரண்டு. மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். காலையில் நான் குளியலறையில் சாதகம் பண்ணுவது அவளுக்குக் கேட்காமலா இருக்கும். எனக்கு ஒரு வரி இல்லை.

ஆகவே அவள் வந்தால் நான் வரமாட்டேன். ரயில் ரிக்கற்றும் எடுக்கவில்லை. இது முடிந்த முடிவு.

மணமக்கள் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
மகேந்திரராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டுகிற நேரம் ஜூலியா கதவைத் தட்டினாள். நீர் முன்னமே கேட்டுவிட்டீராம், கலியாணத்துக்கென்று புதுப் பாட்டு எழுதியிருக்கிறாளாம், அதைப் பாட என் சம்மதம் வேண்டுமாம். சுவருக்கு அந்தப் பக்கம் பாடுகிற ஒரு மனிதரைப் பற்றியது. அவர் பாடாத நாளில் அவள் வீட்டில் விடிவதில்லையாம். மேலே உள்ளதைக் கிழித்துவிடும். அவளுக்கு நல்ல மைக்காக எடும். அவள் மேடையிலிருந்து கைகாட்டினால் சனத்துக்குத் தெரிகிற மாதிரி, முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை போடும்.