நிபந்தனையார் கேட்ட பொம்மை

இனிமேல் நின்றுகொண்டு சாப்பிடுவதில்லை என்று நிபந்தனையார் முடிவு கட்டியபோது, அவருடைய தட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல் இருந்தது. அவர் அதன் எதிரே நின்றுகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நிபந்தனையார் என்பது ஆபீஸில் வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசிகளின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் வருமே, அந்த நிபந்தனைகளை எழுதுகிறவர் இவர்தான். வீடு தீப்பிடித்தால் நஷ்டஈடு உண்டு. ஆனால் தீப்பிடித்த சமயத்தில் சன்னல் திறந்திருக்கக் கூடாது. மூடியிருந்தால் ஏன் மூடியிருந்தது என்று விளக்க வேண்டும். இப்படி எழுதுவார். அவர் போட்ட நிபந்தனைக்குள் நுழைந்து நஷ்டஈட்டோடு வெளியே வந்தவன் இன்னும் பிறக்கவில்லை என்று மேலதிகாரியே மெச்சுவார். ஆபீஸில் மனிதர் புலி. வீட்டில் என்னவென்று மட்டும் கேட்காதீர்கள். பாவம், அழுதுவிடுவார்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை இல்லாமல் இல்லை. நல்ல கனமான மர மேஜை, ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். அதில் இவரைத் தவிர எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என்றால், பொம்மைகள்.

கடையில் விற்கிற ஒல்லி இடுப்பு ஃபேஷன் பொம்மைகளை வாங்கி வந்து, நெயில் பாலிஷ் ரிமூவரால் கம்பெனி வரைந்த முகத்தைத் துடைத்து எறிந்துவிட்டு, மூன்று முடி மட்டும் உள்ள பிரஷ்ஷால் புது முகம் எழுதுகிறவள் அவர் மனைவி. பழைய முடியைப் பிடுங்கிவிட்டு ஊசியால் புது முடி நடுவாள். பிறகு அந்தப் பொம்மைக்கு மட்டுமே என்று ஒரு உடை தைப்பாள். விரல் நீளத்துக்கு ஒரு கவுன், அதற்கு உள்ளே லைனிங், லைனிங்குக்கும் எம்பிராய்டரி. யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "போட்டுக்கிற பொம்மைக்குத் தெரியும்ல" என்பாள். அதே பொம்மையை இன்னொன்று செய்து தா என்று யார் கெஞ்சினாலும் செய்ய மாட்டாள். உலகத்தில் ஒன்றுதான். எங்கெங்கிருந்தோ ஆர்டர் வந்து குவிந்தது. வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் சாப்பாட்டு மேஜைதான் என்பதால், அது முதலில் பாதி போயிற்று, பிறகு முழுக்கவே போயிற்று.

ஒருநாள் அடுப்பில் மூடி போட்ட பாத்திரம் ஒன்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நிபந்தனையார் நாக்கில் எச்சில் ஊற மூடியைத் திறந்தார். உள்ளே தலைகள் மிதந்தன.

"ஐயோ, மூடுங்க! சூடு போயிடும்!"

"என்னம்மா இது?"

"தலைங்க. வெந்நீர்ல ஊறினாத்தான் கழுத்து கழலும்."

"சாப்பாடு?"

"அடுப்பு காலியானதும் வைக்கிறேன். அதுவரைக்கும் பிஸ்கட் சாப்பிடுங்க."

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது அந்தத் தலைகளின் பார்வைதான். கழற்றிய தலைகளைப் பென்சில்களில் செருகி டம்ளரில் வரிசையாக நிறுத்தியிருப்பாள். எல்லாம் மொட்டை. கண்ணில்லாத, வாயில்லாத அந்த முகங்கள் இவரையே பார்க்கும். கண்ணில்லாமல் எப்படிப் பார்க்கும் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் அந்த வீட்டில் சாப்பிட்டதில்லை. சாப்பிடுவதற்கு முன்னால் அத்தனை தலைகளையும் அவர் பின்பக்கம் திருப்பி வைப்பார். அப்போது ஒவ்வொரு மொட்டையிலும் வலது காதுக்குப் பின்னால் ஒரு பொடி மச்சம் தெரியும். முடி நட்டதும் மறைந்துவிடுகிற மச்சம். எதற்கு அது என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாளே என்ற பயம்.

ஃப்ரிட்ஜ் மேலிருந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அன்று அவர் மேஜைக்கு வந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"இந்தா பாரும்மா. ஒண்ணு இந்த மேஜையில அதுங்க இருக்கணும். இல்ல நான் இருக்கணும்."

"நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

"நான் பேசிக்கிட்டிருக்கேன்!"

"பேசுங்க. நகர்ந்து நின்னு பேசுங்க."

நகர்ந்து நின்றார். "எப்பதான் எனக்கு இந்த மேஜை திரும்பக் கிடைக்கும்?"

அவள் நிமிர்ந்தாள். "என்னால முடியாதுன்னு நான் கையை விரிக்கிற மாதிரி ஒரு ஆர்டர் வரட்டும். அன்னிக்கே மேஜையைத் துடைச்சு உங்க கையில குடுத்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. இதுவரைக்கும் அப்படி ஒண்ணு வந்ததே இல்ல."

நிபந்தனையாருக்குப் புல்லரித்தது. நிறைவேற்ற முடியாத நிபந்தனை எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட மனிதரிடம் ஒருத்தி இப்படி வாயைக் கொடுக்கலாமா? அன்று அவர் ஃப்ரிட்ஜைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் ஆபீஸ் மாடிப்படியில் வைத்து, பக்கத்து சீட்டுக்காரரைப் பிடித்தார். கோயில் மணி மாதிரிக் குரல் என்பதால் அவருக்குக் கணீர் என்று பெயர். விஷயத்தைக் கேட்டதும் கணீர் தயங்கினார்.

"அண்ணிகிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களே சார்."

"நீங்க எங்கேய்யா சொல்றீங்க? நான் சொல்றேன். நீங்க வெறும் குரல்."

கணீரின் போனிலிருந்து அழைப்பு போயிற்று. நிபந்தனையார் காதோரம் குசுகுசுக்க, கணீர் முழங்கினார்.

"வணக்கம் அம்மா! நான் அபூர்வமான பொம்மைகளைச் சேகரிக்கிறவன். எனக்கு ஒரு ஆம்பளைப் பொம்மை வேணும்."

"செய்யலாம் சார்" என்றது ஸ்பீக்கரில் மனைவியின் குரல்.

"நடுத்தர வயசு. தொப்பை இருக்கணும். வழுக்கை இருக்கணும். ஓரத்துல மட்டும் கொஞ்சம் முடி."

"தொப்பையைக் களிமண்ல கட்டிடலாம். சொல்லுங்க."

நிபந்தனையாருக்கு வியர்த்தது. இவ்வளவு சுலபமாகத் தொப்பையை ஏற்றுக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அடுத்த அம்பை எடுத்தார். அவரிடம் ஒரு கோட்டு உண்டு. முதல் பிரமோஷனின்போது தைத்தது. சாம்பல் கம்பளி, மெல்லிய வெள்ளைக்கோடு. இப்போது பட்டன் போட முடியாது என்றாலும், கம்பெனி ஆண்டு விழாவுக்கு அதை மாட்டிக்கொண்டு போகும்போது தானும் ஒரு மனிதன்தான் என்று அவருக்குத் தோன்றும். இடுப்பை அகலப்படுத்தப் போனபோது, இந்தத் துணி இனி எங்கே தேடினாலும் கிடைக்காது என்று தையல்காரர் கையை விரித்திருந்தார். அது ஞாபகம் வந்தது.

"கோட்டு போட்டிருக்கணும் அம்மா! சாம்பல் கம்பளி. மெல்லிசா வெள்ளைக்கோடு. புதுத்துணி ஆகாது, பல வருஷம் போட்டுப் பழகின துணி. பாக்கெட்டுக்குள்ள விரல் நுழையணும். பட்டன் நிஜமாவே போட்டுக் கழட்டுற மாதிரி இருக்கணும்."

"சரிங்க சார். முகம்?"

"முகம்… எல்லாத்தையும் தொலைச்ச முகம். பார்த்தா அடிவயிறு கலங்கணும். ஆனா அழக்கூடாது. சிரிக்கவும் கூடாது. அப்புறம்…"

போதும் என்று கணீர் கையைக் காட்டினார். நிபந்தனையாரால் நிறுத்த முடியவில்லை. கடைசியாக இன்னும் ஒரு நிபந்தனை போடாவிட்டால் கை நமநமக்கும் ஜாதி அவர். கணீரின் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னார்.

"…காதுக்குப் பின்னாடி மச்சம் வைக்கக் கூடாது!"

அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரலில், "கஷ்டம்தான் சார். முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்" என்றாள் மனைவி.

கஷ்டம்! அந்த வீட்டில் அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. கணீரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனால், மனைவி இஞ்ச் டேப்போடு வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, கொஞ்சம் மூச்சை இழுக்காம நில்லுங்க. தொப்பை அளவு வேணும்."

"எதுக்கு?"

"ஒரு கஸ்டமர். கிறுக்குப் பிடிச்ச மனுஷன் மாதிரி இருக்கு. உங்களை மாதிரியே ஒண்ணு கேக்கறாரு."

"கிறுக்குன்னு தெரியுதுல்ல? முடியாதுன்னு சொல்லிடேன்."

"தொப்பைக்கும் வழுக்கைக்கும் வீட்டுலயே மாடல் இருக்கு. முகம்தான் வரமாட்டேங்குது. எத்தனை தடவை எழுதித் துடைக்கிறது? எல்லாத்தையும் தொலைச்ச முகத்துக்கு நான் எங்கே போவேன்?"

நிபந்தனையாருக்கு உள்ளுக்குள் மத்தாப்பு. அந்த முகம் அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே இடம் தன்னுடைய கழுத்துக்கு மேலேதான் என்று அவருக்குத் தெரியும். அதைக் காட்டாமல் இருந்தால் மேஜை கைக்கு வந்துவிடும். அன்று முதல் சிரிக்க ஆரம்பித்தார். பல் தேய்க்கும்போது சிரித்தார். பிஸ்கட்டைச் சாப்பாடு என்று நீட்டினால் சிரித்தார். சட்டைப் பையில் பொம்மைக் கால் கிடைத்தால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உடம்பு சரியில்லையா என்று பக்கத்து வீட்டம்மா விசாரித்துவிட்டுப் போனாள். கன்னம் இரண்டும் வலித்தது. ஆனாலும் விடவில்லை. மனைவி பிரஷ்ஷை வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவதும், அரைகுறை முகத்தைத் துடைத்துப் போடுவதும் அவருக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

"நாளைக்கும் வரலேன்னா விட்டுடறேன்" என்றாள் ஒரு மாலை. "மேஜையை நீங்களே எடுத்துக்குங்க."

மறுநாள் அவர் ஆபீஸிலிருந்து பறந்து வந்தார். வழியில் ஒரு புது மேஜைவிரிப்புகூட வாங்கிவிட்டார். பூப்போட்டது. செருப்பைக் கழற்றி, சிரிப்பை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

மேஜைமேல் அவருடைய கோட்டு கிடந்தது.

கிடந்தது என்று சொல்லக் கூடாது. ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே. முதுகில் சன்னல் மாதிரி ஒரு ஓட்டை. பிரமோஷன் வாங்கின நாளில் பூக்குத்திய காலர் தனியாக, கத்திரிக்கோல் பக்கத்தில் சுருண்டு கிடந்தது.

நிபந்தனையார் கத்த வாயெடுத்தார். சாம்பல் கம்பளி, வெள்ளைக்கோடு, பல வருஷம் போட்டுப் பழகியது. கேட்டது யார்? இவர்தானே. எவனோ ஒரு கஸ்டமரைத் திட்டவும் முடியாது, அவன் இவர். மனைவியைத் திட்டவும் முடியாது, ஏன் அந்தத் துணி என்று ஆரம்பித்தால் குட்டு உடைந்துவிடும். அந்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த மேஜைவிரிப்பு நழுவித் தரையில் விழுந்தது.

"அப்படியே இருங்க!" என்று கூவினாள் மனைவி. "அசையாதீங்க! கண்ணை மூடாதீங்க! இதேதான்!"

பென்சில் பரபரத்தது. நிபந்தனையார் நின்றார். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. வேறு என்னதான் செய்வார்?

பொம்மை தயாராகிவிட்டது என்று ஒருநாள் கூப்பிட்டாள். தட்டும் கையுமாக வந்து பார்த்தார். பார்த்தவருக்கு அடிவயிறு கலங்கியது. அந்தக் கோட்டில், அந்தத் தொப்பையோடு, அந்த முகத்தோடு, அச்சு அசல் அவரேதான். பாக்கெட்டில் விரல் நுழைந்தது. அவருடைய கோட்டில் பல வருஷமாகப் போட முடியாத பட்டன், பொம்மையின் கோட்டில் அழகாகப் போட்டிருந்தது.

"பிரமாதம்" என்றார் ஈனஸ்வரத்தில். "கஸ்டமருக்கு எப்போ அனுப்பறே?"

"நீங்கதான் சொல்லணும். கணீர் சார்கிட்டக் கேளுங்க, அவர் வீட்டுல வெச்சுக்கறாரா, இல்ல இங்கேயே இருக்கட்டுமான்னு."

அவர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எ… எந்த கணீர்?"

"ஏங்க, மச்சம் இருக்கிறது எந்தக் கஸ்டமருக்குத் தெரியும்? எல்லாருக்கும் முடி நட்டுத்தானே அனுப்பறேன்? மொட்டையா, அதுவும் பின்பக்கம் திருப்பி வெச்சுப் பார்க்கிறவர் இந்த ஊர்லயே ஒருத்தர்தான். அவருக்காகக் கோயில் மணி மாதிரிப் பேசறதுக்கு உங்க கணீர் சாரை விட்டா யாரு?"

"அப்போ… அன்னிக்கே…"

"அன்னிக்கேதான்."

"கோட்டை வெட்டினது?"

"நீங்க கேட்ட துணி. முகமும் நீங்க கேட்டதுதான். சிரிச்சுக்கிட்டே திரிஞ்சா நான் வேற என்ன பண்றது?"

அவள் எழுந்து வந்து, விரலால் அவருடைய வலது காதை மடக்கினாள்.

"எல்லா நிபந்தனையும் நிறைவேத்திட்டேன், அந்த ஒண்ணைத் தவிர. மச்சம் இல்லாம என்னால செய்ய முடியாது. ஸ்கூட்டர்ல இத்தனை வருஷம் உங்க பின்னாடி உட்கார்ந்து இதையேதானே பார்த்துக்கிட்டு வந்தேன்?"

நிபந்தனையார் கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். பொடியாக ஏதோ தட்டுப்பட்டது. தன்னுடைய மச்சத்தைத் தானே வேண்டாம் என்று சொன்ன மனிதர் உலகத்தில் வேறு யாராவது உண்டா? ஒரு கணம் நெஞ்சு நெகிழ்ந்தது. மறுகணம் உள்ளே இருந்த நிபந்தனையார் விழித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம். முடியாதுன்னு சொன்னியே இப்போ? முடியாத ஆர்டர் வந்தா மேஜை என்னுதுன்னு சத்தியம் பண்ணினியே!"

"பண்ணினேன். அதான் குடுத்துட்டேனே."

"யாருக்கு?"

அவள் விளக்கைத் திருப்பினாள். பெரிய மேஜையின் நடுவில், கவுன் போட்ட அழகிகளுக்கு மத்தியில், உள்ளங்கை அளவுக்கு ஒரு சாப்பாட்டு மேஜை. கீழே விழுந்த பூப்போட்ட விரிப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டு அதன்மேல் விரித்திருந்தது. சின்னத் தட்டு, சின்ன ஸ்பூன், சின்ன நாற்காலி. பொம்மையைத் தூக்கி, கோட்டை நீவிவிட்டு, அந்த நாற்காலியில் பதமாக உட்கார வைத்தாள். அது எல்லாவற்றையும் தொலைத்த முகத்தோடு சாப்பிடத் தயாராக இருந்தது.

நிபந்தனையார் தன் தட்டோடு மேஜையோரம் அண்டினார். ஓரத்தில் ஒரு சாண் இடமாவது தேறாதா என்று பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நின்னு சாப்பிடுங்க" என்றாள் மனைவி. "அவர் கோட்டுல சிந்திடப் போகுது."