கொலுப்படி ஏறிய பித்தளைப் பிறை

வரலாற்றை அரைகுறையாகப் படித்தவன் கையில் பழைய பித்தளைத் துண்டு எதுவும் சிக்கக் கூடாது. சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியில் நடமாடும் உதாரணம் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அம்மாவோடு இருந்த காலத்தில், எனக்கு ஒரு வியாதி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் களைக்கொத்தியோடு கிளம்பி, கேபிள் போடத் தோண்டிய பள்ளங்களில் பழம்பொருள் தேடுவேன். (ஆபீஸில் மற்றவர்கள் கிரிக்கெட் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.) அப்படி ஒரு நாள் உள்ளங்கை அகலத்தில் பிறை வடிவப் பித்தளை ஒன்று கிடைத்தது. மேலே ஒரு வளையம், பின்னால் தேய்ந்துபோன சில எழுத்துகள்.

வேறு யாராவது என்றால் ஏதோ காயலான் கடைச் சாமான் என்று விட்டிருப்பார்கள். எங்களுக்குப் பூர்விகம் மதுரை. சுல்தானின் படை மதுரையைக் கொள்ளையடித்து நகைகளை டெல்லிக்கு அள்ளிவந்த கதையைப் பாலோடு சேர்த்துப் புகட்டியிருந்தார்கள். ஆகவே இது மீனாட்சி உற்சவர் தலையில் இருந்த பிறை, பின்னால் இருப்பது வட்டெழுத்து என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். (வட்டெழுத்தில் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.)

“சாமி நகைன்னா தங்கமால்லடா இருக்கணும்? இது புளி போட்டுத் தேச்சா பளபளங்குதே!” என்றார் அம்மா.

“எழுநூறு வருஷம் மண்ணுல கிடந்தா தங்கமும் இப்படித்தாம்மா ஆகும்.”

அம்மா நம்பிவிட்டார். பெற்ற பாசம், வேறென்ன சொல்ல! அந்த நவராத்திரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கொலுவின் மேல்படியில் கலசத்துக்குப் பக்கத்தில் அதை உட்கார வைத்தார்.

அந்தக் கொலுவைச் சாக்காக வைத்துத்தான் பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவாவது அமைய வேண்டுமே என்று அந்தப் பிறையையே வேண்டிக்கொண்டேன். பெண்ணின் அப்பா ராணுவத்தில் குதிரைகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். இதை நான் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டாமா?

“எங்க ஊரு தெய்வத்தோட நகை. விழுந்து கும்பிட்டுக்கம்மா,” என்றார் அம்மா. பட்டுப்புடவை கசங்க அந்தப் பெண் விழுந்து கும்பிட்டாள்.

அவள் எழுவதற்குள் அவள் அப்பா பிறையைக் கையில் எடுத்துவிட்டார். “அச்சா! இது எப்படி இங்கே வந்துச்சு? குதிரை சேணத்துப் பித்தளை, தம்பி. பின்பக்கப் பட்டையில, வாலுக்குக் கொஞ்சம் மேல தொங்கும். குதிரை நடக்கிறப்போ ஜம்முனு ஆடும்.”

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். “கோயில் குதிரை வாகனத்தோடதா இருக்கலாமே, சார்?” என்றேன்.

“மரக் குதிரைக்கு எதுக்கு தம்பி வால்பட்டை?” என்று சொல்லி, பின்பக்கத்தை டியூப்லைட்டில் சாய்த்துக் காட்டினார். என் வட்டெழுத்து, தான் இங்கிலாந்தில் செய்யப்பட்டதாகச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னது.

பெண் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கொலுப்படிக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அங்கே டிரங்குப் பெட்டிகள்.

ஆனாலும் கல்யாணம் நடந்தது. (“இப்படி ஒரு வெகுளிப் பையன் தேடினாலும் கிடைக்கமாட்டான்” என்றாராம் மாமனார். பாராட்டா, திட்டா என்று இன்றுவரை விளங்கவில்லை.) அம்மாவோ, குங்குமம் வைத்ததைத் தூக்கிப்போடக் கூடாது என்று வருஷாவருஷம் அதைக் கொலுவில் ஏற்றினார். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை என் மனைவி ஆசையாக எடுத்துக்கொண்டாள்.

போன வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு முருங்கைக்காயை எடுத்து, “நல்ல பிஞ்சு, நம்பி வாங்கலாம்,” என்றேன்.

கடைக்காரர் முன்னாலேயே அவள் கேட்டாள்: “வாங்கினா போதுமா, விழுந்து கும்பிடணுமா?”