நாலரையாரின் எல்லைக்கோடு

அளவுகோல் இல்லாமல் அடுத்த அடி எடுத்து வைக்காத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நேர்மைக்கு அவர்களை விட்டால் ஆள் கிடையாது. கோடு கிழிப்பார்கள், கிழித்த கோட்டுக்கு வெளியே நிற்பவன் பெற்ற அப்பனே ஆனாலும் உள்ளே விடமாட்டார்கள், "விதின்னா விதிதான்" என்று மேசையைத் தட்டுவார்கள். ஒரே ஒரு சின்ன விஷயம். அந்த அளவுகோல் ரப்பரால் செய்தது. வேண்டியவர் வெளியே நின்றால் நீளும், வேண்டாதவர் உள்ளே வந்துவிட்டால் சுருங்கும். அளப்பவருக்கு மட்டும் அது தெரியாது. இந்த இனம் கடையில், பள்ளிக்கூடத்தில், பேருந்து வரிசையில் என்று எங்கும் மேய்ந்துகொண்டிருந்தாலும், அசல் மாதிரியைக் காண வேண்டுமென்றால் நீங்கள் என்னோடு ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறி வர வேண்டும். லிஃப்ட் வேலை செய்யவில்லை, மன்னிக்கவும்.

ஜன்னலோர மேசையில் கணினித் திரைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் நாலரையார். காரணம் கேளுங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த நீளமான சரம். அது நேராகக் கிடக்காது. பையில் போட்ட இயர்ஃபோன் ஒயரைப் போலச் சுருண்டு மடங்கிக்கொள்ளும். அப்படி மடங்கும்போது, சரத்தில் நூறு மணி தள்ளியிருக்கிற இரண்டு மணிகள் மூக்கோடு மூக்கு உரச வந்து நிற்கும். எந்த மணி எந்த மணியோடு ஒட்டி நிற்கிறது என்று பட்டியல் போடுவதுதான் நம்மவர் வேலை. அந்தப் பிடிமானம் போனால் புரதம் குலைந்துவிடும். சரி, எவ்வளவு பக்கத்தில் நின்றால் ஒட்டி நிற்பதாகக் கணக்கு? நாலரை ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடி கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ராம்; அப்படி நாலரை. நாலு புள்ளி ஆறில் நிற்கும் ஜோடியை யாராவது ஆசையோடு கொண்டுவந்து காட்டினால், "அது வழிப்போக்கருங்க, உறவு இல்ல" என்று ஈவிரக்கமில்லாமல் துரத்திவிடுவார்.

ஆகா, என்ன கறார்! வீட்டுக்கு வாருங்கள்.

"ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமை என் தம்பி வீட்டுக்குப் போவோமா?"

"அவ்வளவு தூரமா?"

"பதினஞ்சு நிமிஷம். உங்க தம்பி வீடு இருபத்தஞ்சு நிமிஷம். போன வாரம் 'பக்கத்துலதானே இருக்கான், ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்'னீங்க."

"அங்க ரோடு நல்லாயிருக்கும்மா. ரோட்டையும் கணக்குல சேர்க்கணும்ல?"

ரோட்டைச் சேர்க்கலாம், வெயிலைச் சேர்க்கலாம், மைத்துனர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதையும் சேர்க்கலாம். சர்க்கரைப் பரிசோதனையில் எல்லையைத் தாண்டி இரண்டு புள்ளி கூடுதலாக வந்தால் "மெஷின் எப்பவும் கூட்டித்தான் காட்டும்" என்பார். மகன் கணக்கில் ஒரு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டபோது ஆசிரியருக்கு மனிதாபிமானமே இல்லை என்று மூன்று நாள் புலம்பினார். அடுத்த வீட்டுப் பையன் அரை மதிப்பெண்ணில் கோட்டைவிட்டபோது என்ன சொன்னார் தெரியுமா? "எங்கயாவது ஒரு இடத்துல கோடு போட்டுத்தானே ஆகணும்?"

இப்படிச் சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். குறுக்கே வந்தது எண்பத்தேழாம் மணி.

அதே மாடியின் எதிர்க்கோடியில், நாள் முழுக்கப் பிப்பெட் என்னும் உறிஞ்சு குழலால் சொட்டுச் சொட்டாய்த் திரவம் அளந்து குழாய்களில் விடும் ஓர் அம்மணி இருந்தார். பிப்பெட்டக்கா என்று பெயர். துணியில் படிந்த கறையைத் தின்னும் ஒரு புரதத்தை அவர் பிள்ளையைப் போல வளர்த்துவந்தார். பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் வெந்நீர் பட்டால் சுருண்டு செத்துவிடும். அறுபது டிகிரி சூட்டைத் தாங்க வைத்தால் அவருக்கு வேலை நீட்டிப்பு உண்டு. இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சரத்தில் சரியான ஒரு மணியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பெரிய மணியாகப் போட்டால் பிடி இறுகும், சூடு தாங்கும். எந்த மணியை? மாற்றிச் செய்து பார்க்க மூன்று மாதம் முழுசாகப் பிடிக்கும். ஆக, ஒரே ஒரு வாய்ப்பு. அவர் நேராக நாலரையாரிடம் வந்தார்.

வேறு யாரிடம் வந்திருந்தாலும் பிழைத்திருப்பார். பதினேழு வருஷத்துக்கு முன்னால் நம்மவர் இதே குடும்பத்துப் புரதம் ஒன்றைப் பற்றித்தான் டாக்டர் பட்ட ஆய்வு எழுதினார். புரதத்தின் உயிர்நாடியே எண்பத்தேழாம் மணிதான் என்பது அதன் கடைசி அத்தியாயம். தேர்வாளர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு இன்னும் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது: 'சுவையான கற்பனை.' இப்போது தெய்வமே இறங்கி வந்து கதவைத் தட்டினால் சும்மா விடுவாரா?

பட்டியல் போட்டார். முப்பத்தொன்றும் நூற்று நாற்பதும் நாலு புள்ளி நாலில், கோட்டுக்கு உள்ளே சமர்த்தாக நின்றன. எண்பத்தேழும் இருநூற்றுப் பன்னிரண்டும்? நாலு புள்ளி ஒன்பது. நம்மவர் தண்ணீர் குடித்தார். உலகத்தில் பாதிப் பேர் ஐந்தைத்தானே எல்லையாக வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து என்று போட்டார். எண்பத்தேழு உள்ளே வந்துவிட்டது. ஆனால் அந்த முப்பத்தொன்று இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டு முதலிடத்தில் நின்றது. மேற்பரப்பில் இருக்கிற மணிகளுக்குக் கொஞ்சம் கறாராக இருப்பதுதான் முறை என்றும் அடுத்தபடியாக ஞாபகம் வந்தது. அவற்றுக்கு மட்டும் நாலு. மேற்பரப்பில் இருந்த முப்பத்தொன்று வெளியே போனது. இதில் ஒரு துளி வஞ்சகம் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு படியிலும் அவர் அறிவியலைத்தான் செய்துகொண்டிருந்தார்.

புதன்கிழமைக் கூட்டத்தில் வண்ணப்படம் போட்டுக் காட்டினார். எண்பத்தேழுக்குச் சிவப்பு வட்டம். நிலையத் தலைவர் பாதித் தூக்கத்தில் தலையாட்டினார். பிப்பெட்டக்கா மட்டும் கையிலிருந்த தூரப் பட்டியலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இந்த எண்பத்தேழு எவ்வளவு தூரம்?"

"நாலு புள்ளி ஒன்பது."

"நாலரைதானே நம்ம கோடு?"

"இதுக்குக் கொஞ்சம் தளர்த்தியிருக்கேன். அஞ்சு."

"சரி. முப்பத்தொண்ணு நாலு புள்ளி நாலு ஆச்சே, அது ஏன் வெளிய நிக்குது?"

"அதுக்குக் கொஞ்சம் இறுக்கியிருக்கேன். நாலு."

தலைவர் விழித்துக்கொண்டார். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிப்பெட்டக்கா சிரிக்கவில்லை. "சார், எனக்கு இருக்கிறது மூணே மாசம். இந்த மூணு மாசம் உங்களோடதா இருந்தா, நீங்க எந்த மணியில கை வைப்பீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நாலரையாருக்கு முகம் சிவந்து, காது சிவந்து, வழுக்கை வரை ஏறியது. எண்பத்தேழு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரில் அந்த அம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளத் தயாராகக் காத்திருந்தார். அந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது. பதினேழு வருஷத்து ஆசையை விழுங்க எச்சில் போதவில்லை.

"முப்பத்தொண்ணு," என்றார். கூட்டம் முடிந்ததும் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வலித்தது, பாவம்.

மூன்று மாதம் கழித்து, அறிக்கை கொடுக்க வேண்டிய நாளில், பிப்பெட்டக்கா ஓட்டமும் நடையுமாக ஜன்னலோர மேசைக்கு வந்தார்.

"சார், தாங்குது சார்! முன்னாடி நாப்பத்தஞ்சுலயே சுருண்டுடும். இப்ப வெந்நியில நின்னு கறையைத் தின்னுது!"

நாலரையார் எழுந்தே நின்றுவிட்டார். தன் எண்பத்தேழே ஜெயித்தது போலக் கண் கலங்கியது. "அறுபது தாண்டிடுச்சா?"

"ஆமா சார்... கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"அம்பத்தெட்டு." அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் தெர்மாமீட்டர் பழசு சார். ரெண்டு டிகிரி குறைச்சுத்தான் காட்டும். அறிக்கையில 'சுமார் அறுபது'ன்னு எழுதியிருக்கேன். எழுதலாம்ல சார்?"

நாலரையார் அவரைப் பார்த்தார். அவர் நாலரையாரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பீறிட்டது. எதிர் அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். பிறகு நம்மவர் பேனாவை வாங்கி, 'சுமார் அறுபது' என்பதற்குப் பக்கத்தில் தன் கையெழுத்தை அழுத்திப் போட்டார். தலைவரும் போட்டார். நீட்டிப்பும் வந்தது.

இதெல்லாம் தப்பு என்கிறீர்கள். ஐம்பத்தெட்டு என்றால் ஐம்பத்தெட்டுதான் என்கிறீர்கள். சபாஷ், உங்களைப் போல நாலு பேர் இருப்பதால்தான் மழை பெய்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படிக்கும்போது, "அட, இது அசல் நம்ம இன்னார் மாதிரியே இருக்கே" என்று ஒருவர் முகம் உங்கள் மனதில் வந்து போனதல்லவா? அந்த மனிதருக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?

பார்த்தீர்களா, அளக்காமலேயே "ரொம்ப தூரம்" என்றுவிட்டீர்கள்.