இறைமையுள்ள மூன்று ஊர்களும் பத்மாக்காவின் வாக்கும்

ரொறன்ரோவில் மூன்று தமிழர் ஒரு மேசையில் இருந்து கூட்டம் நடத்தி, அடிபடாமல் எழும்பிப் போகிறார்கள் என்றால், அந்த மேசைக்கு யாப்பு, அதாவது அமைப்பு விதிகள், எழுதியவர் சரத்தராகத்தான் இருக்க வேண்டும்.

சொந்தப் பெயர் அவருடைய சுகாதார அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எதையும் சரத்து, உபசரத்து என்று பிரித்தே பேசுவதால் சரத்தர் ஆனார். புதிதாக வந்த சிலர், 'சரத்' என்ற சிங்களச் சகோதரர் ஒருவர் நம்மோடு இருக்கிறார் என்று எண்ணி, நல்லிணக்கம் இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று பூரித்திருக்கிறார்கள்.

ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரே அறையில் நாங்கள் பெடியள் நெருக்கியடித்துப் படுத்த காலத்தில், குளியலறைக்கு யாப்பு எழுதியவர் அவர். முகவுரை, அடிப்படை உரிமைகள், சுடுதண்ணீர்ப் பங்கீடு எல்லாம் அதில் இருந்தன. அவசரகால விதியும் இருந்தது. வயிறு சரியில்லாதவர் கதவைத் தட்டி அவசரகாலத்தைப் பிரகடனம் செய்யலாம். ஒரு வாரத்துக்குள் எல்லோரும் விடிந்ததும் அவசரகாலத்தைப் பிரகடனம் செய்யத் தொடங்கினோம். அவர் கோபிக்கவில்லை. எல்லா நாட்டிலும் இதுதான் நடக்கிறது என்று சொல்லிவிட்டு, வேலைக்குப் போய் அங்கே முகம் கழுவினார்.

அந்த வேலை மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில். மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் கிரிக்கெட் பார்ப்பார்கள். இவர் சுவிற்சர்லாந்தின் அரசியலமைப்பைப் புளிச்சாதத்தோடு சேர்த்துச் சாப்பிடுவார். பக்கத்து வீட்டுக்காரரோடு பனி வழிக்கும் எல்லை பற்றி ஒப்பந்தம் செய்து, அதை மீறியவரும் அவரே.

இப்படிப்பட்டவரின் கையில் மூன்று ஊர்ச் சங்கங்கள் வந்து அகப்பட்டன. ஊர்ப் பெயரைச் சொன்னால் எனக்கு வாட்ஸப்பில் விசாரணை நடக்கும். வடக்கூர், தெற்கூர், கிழக்கூர் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் ஒரு ஒழுங்கைதான் இவற்றைப் பிரிக்கும். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிக்கொடி, தனிக்கீதம், தனி ஒன்றுகூடல். மூன்றும் கோடையில் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரே பூங்காவைக் கேட்க, பூங்கா அதிகாரிகள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, ஒரே அமைப்பாக வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஒன்றியம். ஒன்றியம் என்றால் யாப்பு. யாப்பு என்றால் சரத்தர்.

ஆனால் அவருக்குப் பூங்காவில் அக்கறை இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: மனைவி பத்மாக்காவுக்கு ஒரு வாக்கு. அக்கா பிறந்தது தெற்கூர், வாழ்க்கைப்பட்டது வடக்கூர். கட்டிப்போன பெண்ணுக்கு வாக்கில்லை என்றது தெற்கூரின் யாப்பு. கட்டி வந்த பெண் துணை அங்கத்தவர், வாக்கில்லை என்றது வடக்கூரின் யாப்பு. இரண்டு ஒன்றுகூடலுக்கும் கூழ் காய்ச்சுவது மட்டும் அக்கா. அகதியாக வந்து கனடாவின் பிரஜையான மனிசி, இரண்டு ஊருக்கு நடுவில் நாடற்றவராக நின்றார். அக்கா அதைச் சிரித்துக்கொண்டு சொல்வார். சரத்தருக்குச் சிரிப்பு வராது.

யாப்பை நிறைவேற்றும் கடைசிக் கூட்டம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில். ஐந்து மணிக்கு அங்கே ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையான ஒருத்திக்குச் சடங்கு. சோடனைக்காரர் பல்லக்கோடு வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மூன்று மேசை, மூன்று கொடி. கிழக்கூரின் செயலாளராக நானும் வியர்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு ஊர் எழும்பிப் போனாலும் ஒன்றியம் இல்லை என்பது விதி.

முகவுரையின் முதல் வரியிலேயே சரத்தர் 'ஒருமித்த ஒன்றியம்' என்று வாசித்தார். இலங்கையின் புது அரசியலமைப்பு வரைவில் வந்து, ஒருமித்த என்றால் சமஷ்டியா ஒற்றையாட்சியா என்று எங்கள் ஆட்கள் வானொலியில் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்ட சொல் அது. எங்கள் கிழக்கூர்ச் சங்கத்தின் போசகரான பெரியவர் எழும்பினார்.

“உது ஒற்றையாட்சிதானே? நாங்கள் என்ன வடக்கூரின்ர மாகாண சபையோ?”

அந்த ஒரு சொல்லில் மத்தியானம் முழுவதும் போயிற்று. கடைசியில் சரத்தர் அதை வெட்டிவிட்டு, 'இறைமையுள்ள ஊர்கள் தம் விருப்பில் இணைந்த ஒன்றியம்' என்று எழுதினார். இறைமை என்ற சொல்லைக் கேட்டதும் மூன்று மேசையும் குளிர்ந்தது. தங்கள் ஊருக்கு மட்டும் அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாமா என்று வடக்கூர்த் தலைவர் இரகசியமாகக் கேட்டார்.

பிறகு ஒன்பதாம் சரத்து வந்தது. பிறந்த ஊர், புகுந்த ஊர் இரண்டிலும் ஒருவர் முழு அங்கத்தவராக இருக்கலாம். சரத்தர் ஒரே வரியை இரண்டு தரம் வாசித்தார். பார்க்டேல் காலத்திலிருந்து அவரைத் தெரிந்த நான், அவர் வரி தவறி அன்றுதான் கண்டேன்.

எதிர்த்தவர் தெற்கூர்த் தலைவர் சிவம். பத்மாக்காவின் சொந்தத் தம்பி. கட்டிப்போன பெண்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்தால் தெற்கூரை வடக்கூர் வீட்டுக்கு வீடு பிடித்துவிடும் என்றார். வீட்டுக்கு ஒரு ஊர்தான், அதற்குமேல் பேச்சில்லை என்று கொடியைச் சுருட்டத் தொடங்கினார். வடக்கூரும் எழும்பியது. வாசலில் பல்லக்கின் மூக்கு உள்ளே வந்துவிட்டது. தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் வந்து நின்ற அக்கா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

சரத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி சிவம். வீட்டுக்கு ஒரு ஊர்தான் எண்டால், நான் தெற்கூருக்கு வாறன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெற்கூர் மேசையில் போட்டார். ஊர் மாறிய ஆம்பிளையை அந்த மண்டபம் அன்றுவரை கண்டதில்லை. சரத்தரோ உட்கார்ந்ததும் உட்காராததுமாகத் தெற்கூர் யாப்பை எடுத்துப் பேனை மூடியைக் கழற்றி, முதலாம் சரத்திலேயே மூன்று பிழை இருக்கிறதே என்றார். சிவம் சுருட்டிய கொடியைக் கீழே வைத்தார். இந்த மனிதர் இனித் தெற்கூரின் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“அத்தான், நீங்கள் அங்கையே இருங்கோ. அக்காவுக்கு ரெண்டு ஊரிலையும் வாக்குத் தாறம்.”

வடக்கூரும் தலையாட்ட, ஒன்பதாம் சரத்து நிறைவேறியது. மிச்சம் இருந்தது ஒன்றியத்தின் தலைவர் தெரிவு மட்டும். போட்டியிட்டவர்கள் சரத்தரும் சிவமும். பல்லக்குக்காரர் மேசைகளை இழுக்க இழுக்கக் கைகளை எண்ணினோம். சமமாக நின்றது. ஊர் இரண்டானாலும் ஒன்றியத்தில் ஆளுக்கு ஒரு வாக்குத்தான்; இனி அக்காவின் கைதான். அக்கா தட்டை வைத்தார், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார், தம்பிக்கு உயர்த்தினார்.

“இந்தாள் தலைவரா வந்தால் ஒரு கூட்டமும் முடியாது” என்றார்.

வாகனத் தரிப்பிடத்தில் சரத்தரைத் தேடிப் போனேன். ஆறுதல் சொல்ல நினைத்து, ஒரு வாக்கால் தோற்றுவிட்டீர்களே அண்ணை என்றேன். அவர் காருக்குள் சூடு போட்டுவிட்டு அக்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஓமடா. அந்த ஒண்டு அவவின்ர.”

இப்போது இருவரும் ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில். கூட்டத்துக்கு அக்கா தவறாமல் வருகிறார், அவர் வருவது குறைவு. எல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.