ஓலீட்டாவின் மூச்சுக்கு மாநிலத்தின் அனுமதி

பீச் ஃபோர்க்,
மார்ச் 28

அன்புத் தங்கை வெர்னாவுக்கு அண்ணன் ஆர்வில் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உங்கள் கோழிகளும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். இங்கே உன் அண்ணி ஓலீட்டா மூச்சு விடுகிறாள். சும்மா இல்லை, மாநில அரசின் எழுத்துமூலமான அனுமதியோடு விடுகிறாள்.

நடந்ததைக் கேள். அவள் இழுப்புக்கு டாக்டர் ஊதா இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடை டார்லாவோ கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஏழைகளுக்கு அரசே மருந்துச் செலவு கொடுக்கும் மெடிக்கெய்ட் பட்டியலில் மஞ்சள் இன்ஹேலர்தான் முதல், அது கேட்காவிட்டால்தான் ஊதா என்றாள். தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, உன் அண்ணியின் நெஞ்சுக்குள் முதலில் எது போகவேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். கரித்தூசி அடைத்த நம் அப்பாவின் நெஞ்சைப் பற்றிச் சுரங்கக் கம்பெனி ஒரு நாளாவது யோசித்ததா? எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

ஆனால் மஞ்சளில் அவளுக்கு மூச்சு வாங்குவது நிற்கவே இல்லை, தேவாலயத்துப் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். மாதாமாதம் அரசு நர்ஸ் போன் பண்ணி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாள். நம்ம மலைக்காரப் பொம்பளை என்ன சொல்லுவா? "ஒரு குறையும் இல்ல கண்ணு, நீ சாப்ட்டியா?" உடனே மஞ்சள் நன்றாக வேலை செய்கிறது என்று அங்கே பதிவாகிவிடும். மூணு மாசம் இதே கூத்து. அடியே, குறையைச் சொல்லித் தொலைன்னு நான் கெஞ்சினா, "முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட மூக்கால அழணுமா? எங்கம்மா என்னை அப்படி வளக்கல"ங்கறா.

கடைசியில் ஊதாவே வேண்டும் என்று அப்பீல் போட்டோம். விசாரணை அதிகாரி அம்மா போனிலேயே விசாரித்தார். எடுத்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்றார். இவளும் நல்லா இருக்கேங்க என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே மூச்சு அடைத்துக்கொண்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பயந்தே போய்விட்டேன் வெர்னா. அந்த அம்மா இவளுக்கு மூச்சு திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாக, "போதும்மா, நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். என் காதுல விழுந்துடுச்சு" என்றார்.

ஊதா வந்தது. நேற்று உன் அண்ணி என்னை ஒரே மூச்சில் திட்டி முடித்தாள். எத்தனை பெரிய அரசாங்கம், எத்தனை பொறுமை.

உங்கள் கூரையையும் அதன்கீழ் இருப்பவர்களையும் கர்த்தர் காக்கட்டும்.

அன்பு அண்ணன்,
ஆர்வில்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தபால் வந்தது. ஏப்ரல் முதல் தேதி பட்டியல் மாறுகிறதாம். ஊதாவுக்கு இனி யாரும் அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சளுக்குத்தான் கேட்க வேண்டும். உன் இழுப்புக்கு நீ மஞ்சளால்தானே நடமாடிக்கொண்டிருக்கிறாய்? இனி முதலில் ஊதாவை இழுத்து, அதில் உனக்கு முடியாமல் போகவேண்டும், அப்புறம்தான் மஞ்சள். ஓலீட்டாவிடம் மிஞ்சிய இரண்டு மஞ்சளையும் இதோடு அனுப்புகிறேன். பார்த்துப் பார்த்து இழு.